பல வருஷமா ஒரே தளத்துல எழுதறவங்க இடம் மாறணுமா? மாறினா எதெல்லாம் உடையும்?

2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோட டைப்பேட்ங்கற பிளாக் தளத்தை மூடிட்டாங்க. 2003-ல ஆரம்பிச்சது, 22 வருஷம் ஓடிச்சு, மூடப்போறோம்னு சொன்னது ஆகஸ்ட் கடைசில, அதாவது அங்க எழுதினவங்களுக்குக் கிடைச்ச அவகாசம் ஒரு மாசத்தை ஒட்டித்தான். நாம அந்தத் தளத்துல ஒரு வரி கூட எழுதினதில்லைன்னாலும், பிளாக்ஸ்பாட்லயோ வேர்ட்பிரஸ்லயோ ரொம்ப நாளா ஒரே இடத்துல எழுதிட்டு இருக்கற யாருக்கும் இந்தச் செய்தி வயித்துல கொஞ்சம் புளியைக் கரைக்கத்தான் செய்யும். நாளைக்கு நமக்கும் இதே கதியா, இப்பவே மூட்டை கட்டிடலாமா, கட்டினா எங்க போறது?

ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. சொந்தமா ஹோஸ்டிங், அதாவது சர்வர்ல வாடகை இடம் வாங்குங்கன்னு ஒருத்தர், எழுதறதை இமெயில்ல அனுப்பற சப்ஸ்டாக் தளத்துக்கு வந்துடுங்கன்னு ஒருத்தர், இனிமே பிளாக் எல்லாம் யாரு படிக்கறாங்கன்னு இன்னொருத்தர். என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: தனக்காக எழுதிட்டு வர்ற பழைய பதிவர்கள் இருக்கற இடத்துலயே இருக்கறதுதான் பெரும்பாலும் சரி, ஆனா முகவரி மட்டும் அவங்க பேர்ல இருக்கணும். இது ஏன்னு புரியணும்னா தளம்னு நாம சொல்றதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

தளம்னா ஒண்ணு இல்லை, நாலு

1. எழுதற கருவி. பதிவை டைப் பண்றது, லேபிள் போடறது, டெம்ப்ளேட் மாத்தறது, கமெண்ட்டை அனுமதிக்கறது எல்லாம் நடக்கற இடம். பிளாக்கர், வேர்ட்பிரஸ், கோஸ்ட் எல்லாம் இந்த வகை.

2. சர்வர். எழுதினதும் ஏத்தின படங்களும் நிஜமாவே இருக்கற கம்ப்யூட்டர்.

3. முகவரி. வாசகர் பிரவுசர்ல அடிக்கறது, மத்தவங்க லிங்க் கொடுக்கறது, தேடுபொறி நினைவுல வச்சிருக்கறது எல்லாமே இதைத்தான்.

4. அக்கவுண்ட். எந்த இமெயில், எந்த பாஸ்வேர்டு வச்சு உள்ள நுழையறோம்கறது.

பிளாக்கர்ல எழுதறதுக்குக் கிடைக்கற முகவரிதான் பிளாக்ஸ்பாட், அங்க இந்த நாலுமே கூகுள் கையில இருக்கு. வேர்ட்பிரஸ்னு சொல்லும்போது மட்டும் ஒரு குழப்பம் வரும், அதை இங்கயே தீர்த்துக்கலாம்: வேர்ட்பிரஸ் டாட் காம்ங்கறது ஆட்டோமேட்டிக்ங்கற கம்பெனி நடத்தற சேவை, அங்க சர்வரும் அவங்களுது, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்ல கிடைக்கறது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், யார் வேணும்னாலும் இறக்கி எந்த சர்வர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம். ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, பொறுப்பு வேற வேற. இரண்டாவதுல சர்வர், பேக்கப், பிளகின்னு சொல்ற கூடுதல் வசதிகளோட அப்டேட், ஸ்பேம் எல்லாமே எழுதறவர் தலையில.

ஜெகில், ஹ்யூகோ மாதிரி பதிவுகளை வெறும் ஃபைலா வச்சுக்கற முறையும் இருக்கு, கமாண்ட் லைன் பழக்கம் இருக்கறவங்களுக்கு அது அருமையான வழி, மத்தவங்களுக்கு எழுதற ஆசையே போயிடும்.

தளங்கள் எப்படியெல்லாம் கை விட்டுப் போகுது

மூடறது ஒண்ணுதான் ஆபத்துன்னு நினைக்கறோம். நடந்ததைப் பார்த்தா மூணு விதம் தெரியுது.

1. மூடிடறது. ஜியோசிட்டீஸை யாஹூ 1999-ல வாங்கி 2009 அக்டோபர்ல மூடிச்சு. போஸ்டரஸ் 2008-ல வந்தது, 2012 மார்ச்ல ட்விட்டர் வாங்கிச்சு, 2013 ஏப்ரல் 30-ல கடையைச் சாத்திட்டாங்க. விண்டோஸ் லைவ் ஸ்பேசஸை 2011-ல மூடறதுக்கு முன்னாடி, அங்க இருந்தவங்க பதிவுகளை வேர்ட்பிரஸ் டாட் காமுக்கு மாத்திக்க மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துச்சு, அந்த அளவுக்கு மரியாதையா நடந்துக்கிட்ட கம்பெனிகள் கம்மி.

2. கை மாறறது. லைவ்ஜர்னல் 1999-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. 2005-ல சிக்ஸ் அபார்ட் வாங்கிச்சு, 2007 கடைசில சூப் (SUP)ங்கற ரஷ்யக் கம்பெனிக்கு வித்துட்டாங்க, 2016 டிசம்பர்ல சர்வர்களே ரஷ்யாவுக்குப் போச்சு, 2017 ஏப்ரல்ல ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்ட புது விதிமுறையை ஒத்துக்கிட்டாத்தான் உள்ள போக முடியும்னு வந்துச்சு. தளம் மூடலை, இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு, ஆனா 2001-ல தன் நாட்குறிப்பை அங்க எழுத ஆரம்பிச்சவர் இப்படி ஒரு சட்டத்துக்குக் கீழ வருவோம்னு நினைச்சே பார்த்திருக்க மாட்டார்.

3. மெல்ல மெல்ல கண்டுக்காம விடறது. பிளாக்கர் கதை இதுதான். 1999 ஆகஸ்ட்ல பைரா லேப்ஸ் ஆரம்பிச்சாங்க, 2003 பிப்ரவரில கூகுள் வாங்கிச்சு, இன்னிக்கும் ஓடுது. ஆனா அதைச் சுத்தி இருந்த வசதிகள் ஒவ்வொண்ணா போச்சு. வாசகர்கள் பதிவுகளைத் தொடர்ந்து படிக்க வச்சிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலைல போச்சு, கூகுள் பிளஸ் 2019-ல போனப்ப அது வழியா வந்த கமெண்ட்டுகளும் சேர்ந்து போச்சு, ஃபீட்பர்னர்ல இருந்த இமெயில் சந்தா 2021-ல போச்சு. பதிவு அப்படியே இருக்கும், படிக்கறவங்க வந்து சேர்ற வழிதான் அடைஞ்சுகிட்டே வரும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பிளாக்கர் பழசாயிடுச்சு, புதுசா பளபளன்னு இருக்குன்னு போஸ்டரஸுக்குப் போனவங்க இடம் அஞ்சே வருஷத்துல காணாம போச்சு, மாறாம உட்கார்ந்திருந்தவங்க பதிவு இன்னிக்கும் திறக்குது. பழசுங்கறதாலயே ஒரு தளம் சீக்கிரம் சாகும்னு இல்லை, புதுசுங்கறதால நிலைக்கும்னும் இல்லை.

ஓப்பன் சோர்ஸ்னா இந்தப் பயம் எதுவும் வேணாம்னு சொல்றவங்களும் உண்டு. பாதி உண்மை. மென்பொருளை யாரும் பிடுங்க முடியாதுங்கறது நிஜம். ஆனா 2024 செப்டம்பர்ல வேர்ட்பிரஸ் தரப்புக்கும் டபிள்யூபி எஞ்சின்ங்கற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் சண்டை முத்தி, அந்தக் கம்பெனிக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் சர்வர்களோட தொடர்பை வெட்டி விட்டாங்க, அங்க தளம் வச்சிருந்த சம்பந்தமே இல்லாதவங்க பிளகின் அப்டேட் நேரா வராம முழிச்சாங்க. டிசம்பர்ல கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் தொடர்பைத் திருப்பிக் கொடுத்தாங்க. மென்பொருள் பொதுவானதா இருந்தாலும் அதைச் சுத்தி இருக்கற சேவைகள் யாரோ ஒருத்தர் கையிலதான் இருக்கு.

உண்மையில உடையறது முகவரி

மாறும்போது எழுத்து தொலையும்னுதான் எல்லாரும் பயப்படறாங்க. எழுத்தை எப்படியாவது காப்பாத்திடலாம். தொலையறது லிங்க்.

ஒரு முகவரியைத் தேடி பிரவுசர் போய் அங்க ஒண்ணும் இல்லைன்னா சர்வர் 404-னு பதில் சொல்லும். இங்க இருந்தது நிரந்தரமா இன்ன இடத்துக்கு மாறிடுச்சுன்னு சொல்றதுக்கு 301-னு ஒரு பதில் இருக்கு, அதைப் பார்த்தா பிரவுசரும் தேடுபொறியும் தானா புது இடத்துக்குப் போயிடும். தளம் மாறறவங்களுக்கு உயிர்நாடியே இந்த 301-தான். ஆனா அதைச் சொல்ல வேண்டியது பழைய சர்வர், அது நம்ம கையில இல்லை. பிளாக்ஸ்பாட் முகவரிலேர்ந்து வேற தளத்துக்கு 301 போட பிளாக்கர்ல வழி கிடையாது. உள்ள இருக்கற ரீடைரக்ட் வசதி அதே பிளாக்கோட பக்கங்களுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். டெம்ப்ளேட்ல ஏதாவது ஸ்கிரிப்ட் போட்டு வாசகரைத் தள்ளி விடலாம், அது ஒட்டுப்போடற வேலை. வேர்ட்பிரஸ் டாட் காம் பணம் வாங்கிக்கிட்டு இதைச் செஞ்சு கொடுக்கும்.

இணையத்துல லிங்க் அறுந்து போறது எவ்வளவு பெரிய விஷயம்னு பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல கணக்குப் போட்டுச் சொல்லுச்சு: 2013-ல இருந்த வலைப்பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சுத் திறக்கலை. அதுல எத்தனையோ பக்கங்கள் எழுதினவர் அழிச்சதா இருக்காது, முகவரி மாறினதா இருக்கும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இதுல கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு, அதைக் கிட்டப் போய்ப் பார்க்கணும். தலைப்பு முழுக்க தமிழ்ல இருந்தா பிளாக்கர் அந்த எழுத்துகளை முகவரில சேர்க்கறதில்லை. பிளாக்-போஸ்ட்னு பொதுவா ஒரு பேர் வச்சிட்டு, அதே மாசத்துல அடுத்து எழுதினா அடிக்கோடும் ஒரு நம்பரும் ஒட்டி விட்டுடும். அதனால முகவரியைப் பார்த்து எந்தப் பதிவுன்னு யாராலயும் சொல்ல முடியாது, இன்னொரு பதிவோட நம்பர் இடம் மாறினாலும் கண்டுபிடிக்க முடியாது.

வேர்ட்பிரஸ்ல நேர் எதிர். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரில போடும், ஆனா உள்ளுக்குள்ள அதை சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமா மாத்தி வைக்கும். யூனிகோடுல க-ங்கற ஒரு எழுத்துக்கே இப்படி 9 இடம் தேவை, கி-ன்னா க தனி, கொக்கி தனி, ஆக 18 இடம். மொத்தம் 200 இடம்தான் ஒதுக்கியிருக்காங்க, வகுத்துப் பார்த்தா 22 குறிகள் கொள்ளும், இடைவெளிக்கு வர்ற கோடு மட்டும் ஒரே இடம். மூணு நாலு வார்த்தையைத் தாண்டின தமிழ்த் தலைப்பு முகவரில பாதில நறுக்குன்னு வெட்டுப்பட்டு நிக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப பிளாக்கர்லேர்ந்து வேர்ட்பிரஸுக்கு மாறினா என்ன ஆகும்னு யோசிங்க. அங்க பிளாக்-போஸ்ட் நம்பர், இங்க சதவீதக் குறி. எது எதுக்குப் பொருத்தம்னு தனியா ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா திருப்பி விடணும், பல நூறு பதிவு இருந்தா அது சின்ன வேலை இல்லை.

முகவரி நம்மகிட்ட இல்லைன்னா நாம எதுவுமே செய்யாமலும் உடையும்ங்கறதுக்கு உதாரணம் பிளாக்ஸ்பாட் டாட் இன். 2012-லேர்ந்து கூகுள் வாசகர் இருக்கற நாட்டைப் பொறுத்து முகவரியோட வாலை மாத்திக் காட்டுச்சு, இந்தியாவுல திறந்தா டாட் காம் போய் டாட் இன் வரும். 2018-ல அந்த ஏற்பாட்டை நிறுத்தினாங்க, 2020-ல பிளாக்ஸ்பாட் டாட் இன்ங்கற டொமைனே, அதாவது அந்த முகவரிப் பேரே, கூகுள் கையை விட்டுப் போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச முகவரியை அப்படியே காப்பி பண்ணி லிங்க் கொடுத்தவங்க எத்தனை பேர், அத்தனையும் அறுந்துச்சு. எழுதினவர் மேல ஒரு தப்பும் இல்லை, இதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

சொந்த டொமைன் இருந்தா என்ன வித்தியாசம்

செல்ஃபோன் நம்பரை மாத்தாம கம்பெனியை மட்டும் மாத்திக்கறோமே, சொந்த டொமைன் அந்த மாதிரி. பேர் உங்களுது, அது எந்த சர்வரைக் காட்டணும்னு நீங்க முடிவு பண்றீங்க.

முக்கியமான விஷயம், இதுக்காக தளம் மாற வேண்டியதே இல்லை. பிளாக்கர்ல இருந்துகிட்டே சொந்த டொமைனை இணைக்கலாம், இணைச்சதும் பழைய பிளாக்ஸ்பாட் முகவரி தானா புது முகவரிக்குத் திருப்பி விடும், வருஷம், மாசம், பதிவு பேர்ங்கற வால் அப்படியே இருக்கும். நாளைக்கு வேர்ட்பிரஸுக்குப் போக வேண்டி வந்தாலும், அங்க முகவரி அமைப்பை அதே வருஷம், மாசம், பேர் வரிசையில, கடைசில வர்ற .html-ஐயும் சேர்த்து அமைச்சு, பதிவுகளுக்குப் பழைய பேரையே கொடுத்தா லிங்க்குகள் பிழைச்சுக்கும். இது பயன்படணும்னா தளம் நல்லா இருக்கும்போதே டொமைனைப் போட்டுடணும், மூடப்போறோம்னு அறிவிப்பு வந்த பிறகு போட்டா மத்தவங்க லிங்க்கும் தேடுபொறியும் புது முகவரிக்குப் பழக நேரம் இருக்காது.

தளங்களுக்கும் இந்த முகவரியோட மதிப்பு நல்லாத் தெரியும். மீடியம் 2017-ல புதுசா சொந்த டொமைன் இணைக்கறதை நிறுத்திட்டு 2021-ல தான் திருப்பிக் கொண்டு வந்துச்சு. சொந்த டொமைனை விடாத தளத்துல நீண்ட நாளைக்கு எழுத உட்காரவே கூடாதுங்கறது என் கருத்து.

டொமைனும் நிரந்தரச் சொத்து இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். டாட் காம் மாதிரி பொது டொமைன்கள்ல தேதி தவறி ரத்தானா 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அப்ப கட்டணம் எக்கச்சக்கம், அதையும் விட்டா வேற யாராவது வாங்கி சூதாட்ட விளம்பரம் போடுவாங்க.

மூட்டை கட்டினா எதெல்லாம் வரும்

1. எழுத்து வரும். பிளாக்கர் பேக்கப் ஆட்டம் (Atom) வடிவ ஃபைலா கிடைக்கும், வேர்ட்பிரஸ்லேர்ந்து எக்ஸ்எம்எல் ஃபைல் வரும். ரெண்டையும் நோட்பேட்ல திறந்து படிக்கவே முடியும், அது பெரிய நிம்மதி.

2. கமெண்ட் பெரும்பாலும் வரும், ஆனா யார் எழுதினாங்கங்கறது வெறும் பேரா வந்து நிக்கும். டிஸ்கஸ் மாதிரி வெளி சேவைல கமெண்ட் வாங்கியிருந்தா அது தனிக் கதை. பழைய பதிவர்களுக்குக் கமெண்ட் பகுதிங்கறது பாதி பிளாக், சண்டையும் சிரிப்பும் திருத்தமும் எல்லாம் அங்கதான் இருக்கும், அதைத் தொலைச்சிட்டு பதிவை மட்டும் எடுத்துட்டுப் போறது முழு இடமாற்றம் ஆகாது.

3. படம் ஏமாத்தும். அந்த பேக்கப் ஃபைலுக்குள்ள படம் இருக்காது, படம் இருக்கற இடத்தோட லிங்க்தான் இருக்கும். மாறின பிறகும் படம் தெரியறதைப் பார்த்து எல்லாம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குவோம், அது இன்னும் பழைய சர்வர்லேர்ந்துதான் வந்துகிட்டு இருக்கும், பழைய அக்கவுண்ட்டை மூடின அன்னிக்குத்தான் பதிவெல்லாம் வெள்ளைக் கட்டமா நிக்கும்.

4. உள் லிங்க் உடையும். 'இதைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன்'னு நம்ம பதிவுலேர்ந்து நம்ம பதிவுக்கே கொடுத்த லிங்க் எல்லாம் பழைய முகவரியைக் காட்டிக்கிட்டு இருக்கும்.

5. ஃபீட், அதாவது புதுப் பதிவு வந்ததும் வாசகருக்குத் தானா காட்டற வழி, போயிடும். ரீடர்ல சேர்த்து வச்சுப் படிக்கறவங்களுக்கு ஃபீட் முகவரி மாறினா சத்தமே இல்லாம நின்னுடும், அவங்க நாம எழுதறதை விட்டுட்டோம்னு நினைச்சுப்பாங்க.

அதுக்கப்புறம் எழுத்தோட தோற்றம். வேர்டுலேர்ந்து காப்பி பண்ணி ஒட்டின பழைய பதிவுகள்ல கண்ணுக்குத் தெரியாத ஃபான்ட், அளவு குறிகள் மலையா இருக்கும், புது டெம்ப்ளேட்ல அது பல்லை இளிக்கும்.

அப்ப எப்பதான் மாறணும்?

டிசைன் பழசா இருக்கு, மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க, இந்த ரெண்டும் காரணமே இல்லை. மாறறதுக்கு ஆகற உழைப்பு முழுக்க எழுதற நேரத்துலேர்ந்துதான் போகும். இந்த அறிகுறிகள்ல ஒண்ணு வந்தா மட்டும் கிளம்பணும்:

1. புது ஆட்களைச் சேர்க்கறதை நிறுத்தறது. டைப்பேட் 2020-லயே புதுசா யாரையும் சேர்த்துக்கறதை நிறுத்திடுச்சு, மூடினது 2025-ல. கவனிச்சவங்களுக்கு அஞ்சு வருஷ அவகாசம் இருந்துச்சு, கவனிக்காதவங்களுக்கு ஒரு மாசம்.

2. பதிவுகளை வெளிய எடுத்துக்கற எக்ஸ்போர்ட் வசதியை எடுக்கறது, இல்லை அது பாதில தடுமாறி நிக்கறது. இது வந்தா யோசிக்கவே வேணாம்.

3. தளம் வேற கைக்குப் போய் விதிமுறை மாறறது. வித்த செய்தியை விட அதுக்கப்புறம் வர்ற விதிமுறை மாற்றத்தைத்தான் வரி விடாம படிக்கணும்.

4. லாகின் பண்ணினாத்தான் படிக்க முடியும்னு வாசகரைத் தடுக்கறது.

இருக்கற இடத்துலயே இருந்துகிட்டு செய்ய வேண்டியது

1. டொமைன் வாங்கி இணைச்சிடுங்க. பதிவு பண்ணித் தர்ற கம்பெனியும் கை மாறும், கூகுள் டொமைன்ஸையே 2023-ல ஸ்குவேர்ஸ்பேஸ் வாங்கிச்சு, ஆனா டொமைனை அங்கேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்திக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

2. பேக்கப்பை ஒரு குறிப்பிட்ட நாள் வச்சு எடுங்க, எடுத்ததைத் திறந்து பாருங்க. கடைசிப் பதிவும் முதல் பதிவும் அதுல இருக்கான்னு பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

3. படங்களோட மூலப்பிரதி உங்க கம்ப்யூட்டர்ல, பதிவு வாரியா ஃபோல்டர் போட்டு இருக்கட்டும்.

4. புதுசா எழுதற பதிவுக்கு வெளியிடறதுக்கு முன்னாடியே முகவரியை நீங்களே ஆங்கில எழுத்துல சின்னதா அடிச்சுக் கொடுங்க. பிளாக்கர், வேர்ட்பிரஸ் ரெண்டுலயும் இடம் இருக்கு. வெளியிட்ட பிறகு அதுல கை வைக்காதீங்க.

5. முக்கியமான பதிவுகளை, வலைப்பக்கங்களோட நகலைச் சேமிக்கற இண்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல சேமிச்சு வைங்க, முகவரியை ஒட்டி ஒரு பட்டனை அமுக்கினா போதும்.

அக்கவுண்ட்டும் அதுக்கு அப்புறமும்

நாலாவதா சொன்ன அக்கவுண்ட்டைத்தான் யாருமே யோசிக்கறதில்லை. ரெண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்ட்டுகளை அழிக்கலாம்னு கூகுள் 2023-ல விதி கொண்டு வந்துச்சு. பிளாக்குக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் ஆரம்பிச்சு, நடுவுல எழுதாம விட்டவங்க அதுல ஒரு தடவை உள்ள போய் வந்துடறது நல்லது, ரெக்கவரி நம்பர் எந்தக் காலத்து நம்பர்னும் பார்த்துக்கணும்.

எழுதறவரே இல்லாம போனா என்னங்கறது சங்கடமான கேள்விதான், ஆனா முப்பது வயசுல ஆரம்பிச்சவங்க எல்லாம் இப்ப அம்பதைத் தாண்டியாச்சு. வேர்ட்பிரஸ் டாட் காம் 2023-ல நூறு வருஷத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, விலை 38,000 டாலர், அது நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இல்லை. கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு 2013-லேர்ந்தே ஒரு வசதி இருக்கு, இத்தனை மாசம் நான் வரலைன்னா இவருக்குத் தகவல் சொல்லு, இந்த டேட்டாவைக் கொடுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பிளாக்கர்ல நம்பிக்கையான இன்னொருத்தரை அட்மினா சேர்க்கலாம். பொது டொமைனை ஒரே தடவைல அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு முன்பணம் கட்டிப் பதிவு பண்ணலாம். எந்தக் கம்பெனில டொமைன் இருக்கு, எந்த இமெயில், புதுப்பிக்கற தேதி என்னங்கற மூணையும் ஒரு தாள்ல எழுதி பேங்க் பேப்பர்களோட சேர்த்து வச்சு, அது அங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.